மனிதர் வழியே வரும் மருந்து

(ராசிங்காபுரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில வருடங்களுக்கு முன்பு இதே ஊரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கு அத்தை முறை. இருபத்தைந்து வருடம் ஏலத்தோட்டத்துக்குப் போய்வந்தவர். நான் உள்ளே நுழைந்தபோது திண்ணையை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. "என்ன அத்தை, நடமாட்டம் எல்லாம் எப்படி?" என்று கேட்டேன்.

"முட்டு தேஞ்சு போச்சாம்ல தாயி. நடந்தா இன்னும் தேயுமாம். இருக்கிறதையாவது காப்பாத்துவோம்னு உக்காந்துட்டேன்" என்றார்.

அந்தச் சொல்லை அவருக்குக் கொடுத்தவள் நான்தான். அதற்கு மூன்று வருடம் முன்பு, படிப்பு முடித்த புதிதில், அவருடைய எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எலும்பும் எலும்பும் உரசுது அத்தை, தேய்மானம்" என்று சொன்னேன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அத்தை அதை நம்பினார், நம்பியபடியே நடந்துகொண்டார். மூன்று வருடம் உட்கார்ந்ததில் தொடை மெலிந்தது, உடம்பு கனத்தது, வலி கூடியது.

முழங்கால் மூட்டு நோய்க்கு உலகத்தில் இன்று பேசப்படும் புதிய சிகிச்சை என்ன, அதைக் கொடுக்கப்போகும் பிசியோதெரபிஸ்டுகளை எப்படிப் பயிற்றுவிக்க வேண்டும் என்பதே இன்று என் பேச்சு. எனக்கு இது அந்தத் திண்ணையில்தான் தொடங்கியது.

மலையும் முட்டியும்

இந்த ஊரில் முழங்காலைப் பற்றி யாருக்கும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் ஜீப் வந்து நிற்கும். தூக்குச்சட்டியோடு ஏறி நெருக்கி உட்கார்ந்தால் காலை நீட்ட இடம் இருக்காது. போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மடக்கிய முட்டி மடக்கியபடியே மலை ஏறும்.

மேலே இறங்கினால் சரிவு. தேயிலையை நின்றபடி கிள்ளலாம். மிளகுக்கு ஏணி வைக்கலாம். ஏலக்காய் அப்படியில்லை. சரம் செடியின் தூரில் கிளம்பி மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். குந்தி உட்கார்ந்துதான் காய் எடுக்க வேண்டும். ஒரு தூர் முடிந்தால் எழுந்து அடுத்த தூர். நாள் ஒன்றுக்கு எத்தனை தரம் குந்தி எழுகிறோம் என்று நம்மில் யாரும் எண்ணியதில்லை. சாயங்காலம் சாக்கோடு சரிவில் இறக்கம்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில்தான் முட்டி நோகும். இதற்குக் காரணம் உண்டு. தொடையின் முன்பக்கத் தசை இறக்கத்தில் ஜீப்பின் பிரேக் மாதிரி வேலை செய்கிறது. தசைக்கு வலு இருந்தால் ஒவ்வோர் அடியையும் தாங்கிப் பிடித்து மெல்ல இறக்கும். வலு இல்லாவிட்டால் அந்த அதிர்ச்சி நேரே மூட்டுக்குப் போகும். சமதளத்தில் நடக்கும்போதே உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் முழங்காலில் விழுகிறது. சரிவைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

சீனத்தில் பெய்ஜிங் நகரத்து முதியவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவு 2004இல் வெளியானது. இளவயதில் நாள்தோறும் நெடுநேரம் குந்தி உட்கார்ந்தவர்களுக்கு முதுமையில் முழங்கால் நோய் கூடுதலாக இருந்தது. இந்தியாவில் ஐந்து இடங்களில் நடுவயது கடந்த சுமார் 4,900 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2016இல் வந்தது. அதில் 28.7 சதவீதம் பேருக்கு முழங்கால் மூட்டு நோய் இருந்தது. உலகம் முழுக்க 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி எல்லா மூட்டுகளையும் சேர்த்து 59.5 கோடிப் பேர் இந்த நோயோடு வாழ்கிறார்கள். நம் திண்ணையில் இருக்கும் வலி உலகத்து வலியில் ஒரு பங்கு.

டயரும் மூட்டும்

"தேய்மானம்" என்று கேட்டதும் நம் மனதில் வருவது ஜீப்பின் டயர். ஓட ஓடத் தேயும். ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் தேயாது. அத்தை போட்ட கணக்கு இதுதான். டயருக்கு அந்தக் கணக்கு சரி. மூட்டுக்குத் தவறு.

மூட்டு உயிருள்ள பொருள். எலும்பின் நுனியில் இருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் நீர்தான் அதற்குச் சாப்பாடு. பாரம் ஏறும்போது அமுங்கி, இறங்கும்போது விரிந்து, நனைந்த பஞ்சைப் போல அது அந்த நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஆக, அளவான அசைவு மூட்டுக்குத் தீனி. அசைவை நிறுத்தினால் மூட்டைப் பட்டினி போடுகிறோம், பக்கத்தில் இருக்கும் தசையையும் சேர்த்தே பட்டினி போடுகிறோம்.

எக்ஸ்ரே படமும் வலியும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துவதும் இல்லை. படத்தில் மோசமாகத் தெரியும் முட்டியோடு மலை ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். படம் நன்றாக இருந்தும் படி ஏற முடியாதவர்கள் இருக்கிறார்கள். தசையின் வலு, உடல் எடை, தூக்கம், மனக்கவலை, பயம் எல்லாம் வலியில் சேருகின்றன. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டி, வழக்கமான அறிகுறிகள் உள்ளவருக்கு இந்த நோயைக் கண்டறியப் படமே தேவையில்லை என்கிறது. நானோ படத்தைப் பார்த்தே பேசினேன், அத்தையைப் பார்க்கவில்லை.

புதிய சிகிச்சை எது?

2013இல் டென்மார்க்கில் ஈவா ரூஸ், சோரன் ஸ்கூ என்ற இரண்டு பிசியோதெரபி ஆராய்ச்சியாளர்கள் தென் டென்மார்க் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் பெயர் கிளாட். நோயைப் பற்றி விளக்கும் வகுப்புகள் இரண்டு மூன்று. பிறகு வாரம் இரண்டு தரமாக ஆறு வாரத்தில் 12 பயிற்சி வகுப்புகள், பிசியோதெரபிஸ்டின் கண் முன்னால், குழுவாக. தொடங்கும்போது ஓர் அளவு, முடிந்ததும் ஓர் அளவு, வருடம் கழித்து ஓர் அளவு, எல்லாம் பதிவேட்டில் ஏறும். ஆஸ்திரேலியா, கனடா, சீனா என்று பல நாடுகளுக்கு அது போய்விட்டது. பங்கேற்றவர்களின் வலி சராசரியாகச் சுமார் நான்கில் ஒரு பங்கு குறைந்ததைப் பதிவேடு காட்டுகிறது.

"இவ்வளவுதானா? காலை மடக்கி நீட்டுவதற்கா இவ்வளவு பேச்சு?" என்று உங்களுக்குத் தோன்றலாம். உடற்பயிற்சி பழையதுதான். அதைத் தவறாமல், சரியான அளவில், ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடுதான் புதியது. அந்த ஏற்பாட்டின் முதல் படி, நோயாளிக்கு முன்பே பிசியோதெரபிஸ்டை வகுப்பில் உட்கார வைத்தது. இரண்டு நாள் பயிற்சி முடிக்காதவர் இந்தச் சிகிச்சையை நடத்த முடியாது.

நான் இன்று சொல்ல வந்த ஒரே செய்தி இதில் இருக்கிறது. ஒரு மாத்திரையை கோபன்ஹேகனில் விழுங்கினாலும் ஒன்றுதான், போடியில் விழுங்கினாலும் ஒன்றுதான். தொழிற்சாலையிலேயே அதன் தரம் முடிவாகிவிடுகிறது. முழங்கால் சிகிச்சை அப்படி அட்டையில் அடைத்து வருவதில்லை. அது மனிதர் வழியே வருகிறது. கொடுக்கிறவர் மாறினால் மருந்தே மாறிவிடும். எனவே இந்த மருந்தின் தொழிற்சாலை பயிற்சி வகுப்புதான். அங்கே குறை வைத்துவிட்டு ஊரில் குணம் தேட முடியாது.

கண், அளவு, நாக்கு

நம் கல்லூரிகளில் நாலு வருடம் படித்து, உள்ளுறைப் பயிற்சியும் முடித்து வருகிறார்கள் பிள்ளைகள். எந்தத் தசை எந்த எலும்பில் ஒட்டுகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அந்த அறிவு வேண்டும். ஆனால் முட்டி வலிக்காரர் முன்னால் நிற்கும்போது இன்னும் மூன்று தேவைப்படுகின்றன.

முதலாவது கண். நாற்காலியிலிருந்து எழும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்கிறதா, பாதத்துக்கு நேராக வருகிறதா, உடம்பு நல்ல காலின் பக்கம் ஒதுங்குகிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். புத்தகத்துப் படத்தைப் பார்த்து இது வராது. நூறு பேர் எழுந்து உட்காருவதைப் பார்த்தால் வரும்.

இரண்டாவது அளவு. ஒவ்வொரு பயிற்சிக்கும் எளியது, நடுத்தரம், கடினம் என்று படிகள் உண்டு. எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது? கிளாட் பயிற்சியில் இதற்கு எளிமையான ஒரு முறை இருக்கிறது. வலிக்கு 0 முதல் 10 வரை எண் கேட்பார்கள். 2 வரை பயமில்லை. 5 வரை பொறுத்துக்கொள்ளலாம். 5 தாண்டினால் பயிற்சியின் அளவைக் குறைக்க வேண்டும். கூடிய வலி 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அடுத்த வகுப்பில் ஒரு படி இறங்க வேண்டும். கொஞ்சம் வலித்தாலும் கெடுதல் இல்லை என்று நோயாளி தன் உடம்பிலேயே தெரிந்துகொள்வதுதான் இதில் பெரிய லாபம். பயத்தை அவரே எண் போட்டுத் தாண்டுகிறார்.

மூன்றாவது நாக்கு. என்ன சொல்கிறோம், எப்படிச் சொல்கிறோம் என்பது. இதைக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிம் பென்னல் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வலியைச் சமாளிக்கும் மனப்பயிற்சியை உளவியலாளர்கள் பிசியோதெரபிஸ்டுகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கேட்டுவிட்டுப் போவதோடு விடவில்லை. பயிற்சிக்கென்று வந்த நோயாளிகளிடம் செய்து காட்ட வைத்தார்கள், உரையாடலை ஒலிப்பதிவு செய்து கேட்டுத் திருத்தினார்கள். 222 பேரிடம் நடந்த அந்த ஆய்வு 2016இல் வெளியானது. உடற்பயிற்சியோடு இந்த மனப்பயிற்சியும் பெற்றவர்களுக்கு, தனித்தனியாக ஒன்றை மட்டும் பெற்றவர்களைவிட அன்றாட நடமாட்டம் நன்றாகத் தேறியது.

இந்த நாக்குப் பயிற்சி நம் ஊரில் எங்கே கைகொடுக்கும் தெரியுமா? "கரண்ட் வைக்காம என்ன பிசியோ?" என்று கேட்கும் இடத்தில். அந்தக் கேள்வியில் தப்பில்லை. இத்தனை வருடமாக நாம் கொடுத்தது அதைத்தான். படுக்க வைத்து, மெஷினை ஒட்டி, பதினைந்து நிமிடம் சூடோ அதிர்வோ கொடுத்து அனுப்பினோம். நான் சொன்ன அதே நைஸ் வழிகாட்டி, மூட்டு நோய்க்கு மின்சிகிச்சையைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. எல்லோருக்கும் அவரவருக்கு ஏற்ற உடற்பயிற்சியைக் கொடுக்கச் சொல்கிறது. மெஷினை நகர்த்திவிட்டு நோயாளியை எழுந்து நிற்கச் சொல்ல பிசியோதெரபிஸ்டுக்குத் துணிவு வேண்டும். பயிற்சி தர வேண்டிய முக்கியமான பொருள் அந்தத் துணிவு.

இன்னொரு கேள்வி இந்த ஊருக்கே உரியது. "நாள் முழுக்க மலை ஏறி இறங்குறோம். இதுக்கு மேல என்ன பயிற்சி?" நியாயமான கேள்வி. தோட்டத்து வேலை நம் அளவு பார்த்து வருவதில்லை. காய் இருக்கிறவரை குந்த வேண்டும். தசை களைத்த பிறகும் சுமக்க வேண்டும். அது உடம்பிலிருந்து எடுக்கும் வேலை. பயிற்சி என்பது உடம்புக்குக் கொடுப்பது. தாங்குகிற அளவு பாரம், நடுவில் ஓய்வு, அடுத்த வாரம் கொஞ்சம் கூடுதல். அப்படிச் சேர்த்த வலுவைத்தான் மலையில் செலவு செய்கிறோம். சேமிக்காமல் எடுத்துக்கொண்டே இருந்தால் எந்தக் கணக்கிலும் ஒரு நாள் கையிருப்பு தீர்ந்துவிடும்.

உள்ளதை உள்ளபடி

மேடையில் நின்று நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. டென்மார்க்கிலேயே 206 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்து 2022இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு இந்தப் பயிற்சியும் விளக்கமும். மறு பாதிப் பேருக்கு முழங்காலில் நாலு தரம் வெறும் உப்புநீர் ஊசி, அது உப்புநீர் என்று சொல்லியே. முடிவில் இரண்டு பக்கமும் வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தது.

இதை மறைக்கக் கூடாது. பயிற்சி பெறும் ஒவ்வொரு பிள்ளையும் முதல் நாளே இதைப் படிக்க வேண்டும். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை இரண்டு. சராசரியாகக் கிடைக்கும் நிவாரணம் மிதமானது, ஆகவே "வலியே போய்விடும்" என்று வாக்குக் கொடுக்கும் உரிமை நமக்கு இல்லை. அடுத்தது, அக்கறையோடு ஒருவர் பார்ப்பதும் தொடர்ந்து கேட்பதும்கூட வலியைக் குறைக்கின்றன. அப்படியானால் கொடுக்கிறவரின் பேச்சும் கவனிப்பும் இன்னும் முக்கியமாகின்றன. பயிற்சியால் வந்த கால் வலுவும் நடையும் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உதவும், கீழே விழாமலும் காக்கும். அமெரிக்காவில் 156 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களைவிட பிசியோதெரபி பெற்றவர்கள் ஒரு வருடம் கழித்து நன்றாக இருந்தார்கள்.

அறுவை சிகிச்சைக்கு நான் எதிரி இல்லை. 2015இல் வெளியான டென்மார்க் ஆய்வில், மூட்டு மாற்று செய்துகொண்டவர்கள்தான் கூடுதலாகத் தேறினார்கள். கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே கூடுதல். அறுவை இல்லாமல் பயிற்சி, எடைக் குறைப்பு முதலியவற்றை மட்டும் பெற்ற 50 பேரில், அந்த ஒரு வருடத்துக்குள் அறுவைக்குப் போனவர்கள் 13 பேர்தான். கடைசிப் படியில் நிற்க வேண்டியவர் நிற்கட்டும். முதல் படியே ஏறாதவரை அங்கே அனுப்ப வேண்டாம். முட்டி சிவந்து சூடாக வீங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ பயிற்சிக்கு வராதீர்கள். முதலில் டாக்டரிடம் போங்கள்.

நம் ஊருக்கு என்ன செய்யலாம்?

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டுக்கே பிசியோதெரபியும் போக வேண்டும் என்று அதில் சேர்த்தார்கள். நல்ல காரியம். ஆனால் ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்க்க வேண்டிய வட்டாரம் என்பது எத்தனை ஊர்கள்! பக்கவாதம் வந்து படுத்திருப்பவரை அந்தப் பிசியோதெரபிஸ்ட் முதலில் பார்க்கப் போவார், அதுதான் முறையும். நொண்டிக்கொண்டே ஜீப் ஏறுகிறவரின் முட்டிக்கு முறை வருவதற்குள் அவர் திண்ணைக்கு வந்துவிடுகிறார்.

ஆகவே வீடு வீடாகப் போவதோடு, குழுவாகக் கூட்டும் வழியும் வேண்டும். இங்கிலாந்தில் எஸ்கேப் பெயின் என்று ஒரு திட்டம் இருக்கிறது. அதுவும் ஆறு வாரம், 12 வகுப்பு. பிசியோதெரபிஸ்டுகளோடு உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்து நடத்துகிறார்கள். நம்மிடம் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். ஊர்ப் பெண்கள், யார் வீட்டில் யாருக்கு வலி என்று தெரிந்தவர்கள். பிசியோதெரபிஸ்ட் முதலில் பார்த்து, அளவு குறித்துக் கொடுத்தபின், அன்றாட வகுப்பை அவர்கள் கவனிக்கலாம்.

கைப்பேசியும் உதவும். ஆஸ்திரேலியாவில் 394 பேர், 15 பிசியோதெரபிஸ்டுகள் கலந்துகொண்ட ஓர் ஆய்வு 2024இல் வெளியானது. மூன்று மாதத்தில் ஐந்து சந்திப்புகள். நேரில் பார்த்தவர்களுக்கும் காணொலியில் பார்த்தவர்களுக்கும் பலன் சமமாகவே இருந்தது. அங்கும் பிசியோதெரபிஸ்டுகள் முதலில் தனிப்பாடம் படித்துத்தான் இறங்கினார்கள்.

நம் பயிற்சி நம் மலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். டென்மார்க்கில் வழுக்குப் பலகை வைத்துச் செய்வதை நாம் சிமெண்டுத் தரையில் பழைய துணியைக் காலுக்கடியில் போட்டுச் செய்யலாம். வாசற்படியே ஏறி இறங்கும் பலகை. இரண்டு கிலோ அரிசிப் பை எடைக்குப் போதும். அங்கே நோயாளியிடம் சைக்கிள் ஓட்ட ஆசையா என்று கேட்பார்கள். இங்கே கழிப்பறையில் குந்தி எழ முடிகிறதா, ஜீப்பின் பின்படியில் கால் வைக்க முடிகிறதா, சரிவில் இறங்கும்போது பயம் இருக்கிறதா என்று கேட்கப் பழக வேண்டும். தூரடியில் வெகுநேரம் குந்தாமல், ஒரு முட்டியை மண்ணில் ஊன்றி, கால் மாற்றி மாற்றிக் காய் எடுக்கப் பழக்கலாம். இந்தப் பாடங்கள் எந்த வெளிநாட்டு ஏட்டிலும் இல்லை. தோட்டத்தில் ஒரு நாள் குந்திப் பார்த்த பிசியோதெரபிஸ்டுதான் எழுத முடியும். பயிற்சி வகுப்பில் ஒரு நாளை ஏலத்தோட்டத்தில் வையுங்கள் என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது, பயிற்சி தமிழில் நடக்கட்டும். ஆங்கிலத்தில் கற்றதை நோயாளி முன்னால் மொழிபெயர்க்கும்போதுதான் "தேய்மானம்" மாதிரிச் சொற்கள் நாக்கில் வந்து விழுகின்றன. "உங்க முட்டிக்கு இன்னும் உயிர் இருக்கு, அதுக்கு அளவா வேலை கொடுத்தா தேறும்" என்று சொல்ல நாலு வார்த்தை கூடுதலாகும், அவ்வளவுதான்.

மூன்றாவது, சான்றிதழ் கொடுத்ததோடு கைகழுவாதீர்கள். மூன்று மாதம் கழித்து மூத்தவர் ஒருவர் வந்து, அந்தப் பிள்ளை வகுப்பு நடத்துவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வந்தவர்களின் எண்ணிக்கையும் முன்பின் அளவும் ஒரு நோட்டில் ஏற வேண்டும். பயிற்சியைக் குறைத்துக் கொடுத்தால் அதில் தெரிந்துவிடும்.

நேரத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பகலில் வகுப்பு வைத்தால் ஒரு நாள் கூலி போகும். பறிப்பு குறையும் கோடையில், ஜீப் வந்து சேர்ந்த பிறகு, சாயங்காலம் ஒரு மணி நேரம். ஆறு வாரம், 12 சாயங்காலங்கள்.

அத்தையிடம் போய், நான் சொன்ன சொல் தவறு என்று சொன்னேன். உடனே அவர் நம்பிவிடவில்லை. மூன்று வருடம் குடியிருந்த பயம் ஒரு நாளில் காலி செய்யுமா? முதல் நாள் நாற்காலியிலிருந்து நாலு தரம் எழுந்தார். ஆறு வாரம் முடிந்தபோது ஒன்பது தரம். வலி முழுக்கப் போகவில்லை. தோட்டத்துக்கு அவர் திரும்பவும் போகவில்லை. தண்ணீர் எடுக்கப் போகிறார், கோயிலுக்கு நடந்து போகிறார். அந்த மூன்று வருடத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. எனக்குப் பின்னால் படித்து வரும் பிள்ளைகள் இன்னொரு திண்ணையில் அதே சொல்லை விட்டுவிட்டு வராமல் பார்த்துக்கொள்ள முடியும்.

மேடைக்குப் பக்கத்தில் நாலு நாற்காலி போட்டிருக்கிறோம். கையைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தரம் முழுதாக எழுந்து உட்காருகிறீர்கள் என்று பிசியோதெரபி படிக்கும் இந்தப் பிள்ளைகள் எண்ணிச் சொல்வார்கள். அமெரிக்க அளவுகோல்படி 60 முதல் 64 வயதுப் பெண் ஒருவர் 12க்குக் குறைவாக எழுந்தால் கால் வலு குறைவு என்று பொருள். உங்கள் எண் எதுவானாலும் வருத்தப்பட வேண்டாம், அதுதான் தொடக்கம். வாருங்கள், ஒவ்வொருவராக எண்ணிவிட்டு வீட்டுக்குப் போவோம்.